டாஷ்போர்டு ஸ்பீக்கர் மாற்றப் போகிறீர்களா? வாங்கும் முன் பழையதைக் கழற்றிப் பாருங்கள்

வண்டியின் ஆடியோவில் கை வைக்க நினைப்பவர்களுக்கு டாஷ்போர்டு ஸ்பீக்கரைவிடச் சுலபமான தொடக்கம் கிடையாது. கதவுப் பலகையைப் பிரிக்க வேண்டாம், சீட்டை நகர்த்த வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் மேலே தெரியும் கிரில்லை நெம்பி எடுத்து, இரண்டு மூன்று ஸ்க்ரூக்களைக் கழற்றினால் ஸ்பீக்கர் கைக்கு வந்துவிடும். முதல்முறை செய்பவருக்கும் ஒரு விடுமுறை நாளின் காலைப்பொழுது தாராளம்.

சுலபம் என்பதாலேயே பலர் இதில் சறுக்குகிறார்கள். அதே அளவில் நல்ல ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டி, சத்தத்தைக் கூட்டினால் கூடவே கரகரப்பும் வருகிறது. கம்பெனி போட்டுக் கொடுத்த மலிவான காகித ஸ்பீக்கரே தேவலை என்று ஆகிவிடுகிறது. புது ஸ்பீக்கர் மேல் குற்றம் சொல்ல முடியாது. பழைய ஸ்பீக்கரின் முதுகில் ஒரு சின்னக் கெபாசிட்டர் இருந்திருக்கும். ஸ்பீக்கரோடு சேர்ந்து அதுவும் வெளியே போயிருக்கும். அந்தக் கெபாசிட்டர் என்ன வேலை பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த மாற்றத்தில் பாதிக்கு மேல் புரிந்த மாதிரி.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

டாஷ்போர்டில் அதிகம் காணப்படும் அளவு 3.5 அங்குலம். 2.75 அங்குலமும் 4 அங்குலமும் உண்டு. சில வண்டிகளில் முழு ஸ்பீக்கர் இருக்காது, உயர் ஒலிகளுக்கு மட்டுமான 1 அங்குல ட்வீட்டர்தான் இருக்கும். எந்த அளவானாலும் இவற்றின் வேலை ஒன்றுதான்: பாடுபவரின் குரல், மெய்யெழுத்துகளின் தெளிவு, தந்தி வாத்தியங்களின் மீட்டல், ஜால்ராவின் கிணுகிணுப்பு ஆகியவற்றை முகத்துக்கு நேரே கொண்டுவருவது. கதவு ஸ்பீக்கர் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. அதிலிருந்து வரும் நுண்ணிய ஒலிகளைக் காலும் சீட்டின் ஓரமும் மறித்துவிடுகின்றன. அதனால்தான் பல வண்டிகளில் பாடகர் நம் காலடியில் உட்கார்ந்து பாடுவது போலக் கேட்கிறது. டாஷ்போர்டு ஸ்பீக்கர் நன்றாக அமைந்தால் அந்தக் குரல் எழுந்து கண்ணாடி உயரத்துக்கு வரும். இந்த மாற்றத்தால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான், வித்தியாசத்தை முதல் நாளே உணரலாம்.

பேஸ், அதாவது தாழ்ந்த அதிர்வெண்களின் அடி ஒலி, கிடைக்காது. எவ்வளவு விலையுயர்ந்த 3.5 அங்குல ஸ்பீக்கரானாலும் கிடைக்காது. ஒரே அளவு சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியாகக் குறைந்தால் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். இவ்வளவு சின்னக் கூம்பால் அது முடியாத காரியம். "அடி போதவில்லை" என்பதுதான் உங்கள் குறை என்றால் கதவு ஸ்பீக்கரையோ சப்வூஃபரையோ பாருங்கள், இங்கே செலவழிக்க வேண்டாம். அதேபோல, கதவு ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்து கரகரத்துக்கொண்டிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். எங்கிருந்து கோளாறு வருகிறது என்று தெரியாவிட்டால் ஸ்டீரியோவின் பேலன்ஸையும் (இடம்-வலம்) ஃபேடரையும் (முன்-பின்) ஒவ்வொரு மூலைக்காகத் திருப்பி, ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாலே தெரிந்துவிடும்.

கழற்றுவது

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஸ்பீக்கர் மாற்ற இதெல்லாம் வேண்டுமா என்று தோன்றலாம். டாஷ்போர்டில் பயணியின் ஏர்பேக் இருக்கிறது. முன்கண்ணாடியின் பக்கவாட்டில் உள்ள முன்தூணை ஒட்டித் திரை ஏர்பேக் இருக்கலாம். அவற்றின் மின்சுற்றில் பேட்டரியைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் மின்சாரம் தேங்கியிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் போட்டிருப்பார்கள். பொதுவாக நான் பத்து நிமிடம் விடச் சொல்வேன். மஞ்சள் நிறக் கனெக்டர் எதையாவது பார்த்தால் அது ஏர்பேக்குக்குப் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட வேண்டாம், மல்டிமீட்டரை அதன் பக்கமே கொண்டுபோக வேண்டாம். பேட்டரியைக் கழற்றினால் சில வண்டிகளில் ஸ்டீரியோ ரகசிய எண் கேட்கும், ஜன்னல் கண்ணாடிகளின் தானியங்கி அமைப்பும் மறந்துபோகும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்று, ஸ்க்ரூடிரைவர், வண்டிக்கு ஏற்ப 7, 8, அல்லது 10 மில்லிமீட்டர் சாக்கெட், ஐரோப்பிய வண்டியானால் டார்க்ஸ் முனைகள், ஒரு மல்டிமீட்டர், மாஸ்கிங் டேப், ஒரு பழைய துண்டு. கடைசி இரண்டையும் அலட்சியப்படுத்த வேண்டாம். கிரில்லைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டினால் டாஷ்போர்டில் கீறல் விழாது. துண்டை எடுத்துக் கண்ணாடியின் பனி நீக்கும் காற்றுத் துவாரத்தின் மேல் நீளமாக விரித்துவிடுங்கள். ஸ்பீக்கர் ஸ்க்ரூ கைதவறினால் நேராக விழுகிற இடம் அந்தத் துவாரம்தான். உள்ளே போன ஸ்க்ரூ ஒவ்வொரு வளைவிலும் உருண்டு சத்தம் போடும். அதை எடுக்க டாஷ்போர்டையே பிரிக்க வேண்டியிருக்கும்.

கிரில்லை நெம்பும்போது ஒரு மூலையில் தொடங்கி, கிளிப் விடுபடும் சத்தம் கேட்டதும் அடுத்த பக்கம் நகருங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள். பல வண்டிகளில் முகப்பு விளக்கைத் தானாக எரியவைக்கும் ஒளி உணரியோ, ஏசிக்காக வெயிலை அளக்கும் உணரியோ இந்தக் கிரில்லோடு சேர்ந்தே இருக்கும். அதன் வயர் குட்டையானது. கிரில்லை ஒரு விரல் அளவு தூக்கி அடியில் எட்டிப் பார்த்துவிட்டு மேலே எடுங்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் சட்டென உடையும். கொஞ்ச நேரம் வெயிலில் நின்ற வண்டியில் கிளிப்புகள் இணங்கி வரும். சில வண்டிகளில் கிரில் தனியாக வராது, முன்தூணின் உறையையோ டாஷ்போர்டின் மேல் பட்டையையோ கழற்றிய பிறகுதான் வரும். அந்த உறைக்குள் ஏர்பேக் இருக்குமானால், உங்கள் வண்டி மாடலுக்கான செயல்முறையைப் பார்க்காமல் இழுக்க வேண்டாம்.

ஸ்க்ரூக்களை எடுக்கும்போது இன்னொன்று. ஸ்பீக்கரின் காந்தம் ஸ்க்ரூடிரைவரை இழுக்கும். முனை வழுக்கினால் கூம்பைக் குத்திக்கொண்டு போகும். பழையதில் குத்தினால் பரவாயில்லை, புதியதைப் பொருத்தும்போது குத்தினால் அழுகை வரும். ஒரு கையால் கூம்பை மூடிக்கொண்டு இன்னொரு கையால் திருகுங்கள்.

பழைய ஸ்பீக்கர் சொல்லும் விவரங்கள்

கழற்றியதும் எல்லாப் பக்கத்திலும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அது என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது ஓம், அதாவது மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பின் அளவு. காந்தத்தின் பின்னால் அச்சடித்திருக்கலாம். இல்லையென்றால் மல்டிமீட்டரால் அளக்கலாம். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது வயரின் சொந்த மின்தடை, அளவிலிருந்து கழித்துவிட வேண்டும். பிறகு ஸ்பீக்கரின் முனைகளைத் தொட்டால், 4 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 3.2 முதல் 3.8 வரை காட்டும். 2 ஓம் ஸ்பீக்கர் 2க்குச் சற்றுக் கீழே, 8 ஓம் ஸ்பீக்கர் 6க்கும் 7க்கும் இடையில். எண் குறைவாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். ஸ்பீக்கருக்குச் சொல்லப்படும் ஓம் மாறுமின்சாரத்தில் அது காட்டும் எதிர்ப்பு, மீட்டர் அளப்பது நேர்மின்சாரத்தில் மட்டும். ஸ்பீக்கரின் பிளக் பக்கம் தொட்டபோது மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் நடுவில் கெபாசிட்டர் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தாண்டி, காயிலுக்குப் போகும் முனையைத் தொட்டு அளந்து பாருங்கள்.

இரண்டாவது அந்தக் கெபாசிட்டர். ஸ்பீக்கரின் பிளாஸ்டிக் சட்டத்தில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அதன்மேல் 47, 68, 100 என்று மைக்ரோஃபாரட் அளவு இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுத்து, மேலே உள்ளதை மட்டும் ஸ்பீக்கருக்கு விடுவதுதான் இதன் வேலை. எந்த இடத்திலிருந்து தடுக்கிறது என்று கணக்கிடவும் எளிய வழி உண்டு: ஸ்பீக்கரின் ஓமையும் கெபாசிட்டரின் மைக்ரோஃபாரடையும் பெருக்கி, வரும் எண்ணால் 1,59,000ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். 4 ஓமும் 100 மைக்ரோஃபாரடும் என்றால் சுமார் 400 ஹெர்ட்ஸ். 47 என்றால் சுமார் 850. அந்த எல்லைக்குக் கீழே ஒரேயடியாக வெட்டிவிடாது. அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் 6 டெசிபல் என்று சரிவாகக் குறையும்.

இது இல்லாமல் புது ஸ்பீக்கரை மாட்டினால் இரண்டு கெடுதல்கள். ஒன்று, பேஸ் முழுவதும் அந்தச் சின்னக் கூம்புக்குள் போய் அதைத் தாறுமாறாக ஆட்டும்; கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. நிறைய வண்டிகளில் டாஷ்போர்டு ஸ்பீக்கரும் அதே பக்கத்துக் கதவு ஸ்பீக்கரும் ஸ்டீரியோவின் ஒரே சேனலில் பக்க இணைப்பில் இருக்கின்றன. 4 ஓமும் 4 ஓமும் பக்க இணைப்பில் சேர்ந்தால் 2 ஓம். சாதாரண ஸ்டீரியோ பெரும்பாலும் 4 ஓமுக்காகச் செய்யப்பட்டது, 2 ஓமில் சூடேறித் தவிக்கும். அதிக மின்சாரம் தேவைப்படும் தாழ்ந்த அதிர்வெண்களில் டாஷ்போர்டு ஸ்பீக்கரை ஸ்டீரியோவின் கண்ணிலிருந்தே மறைத்துவிடுகிறது கெபாசிட்டர். கம்பெனிக்காரர்கள் இந்த மலிவான பாகத்தை அங்கே வைத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது.

பழைய ஸ்பீக்கரில் கெபாசிட்டரே இல்லையா? அப்படியானால் தனி ஆம்ப்ளிஃபயர் எங்கோ ஒளிந்திருந்து, டாஷ்போர்டுக்கு வரும் ஒலியை அதுவே வடிகட்டி அனுப்பிக்கொண்டிருக்கலாம். சோதித்துப் பார்க்கலாம்: பழைய ஸ்பீக்கர் அதன் பிளக்கில் இருக்கும்போதே, 60 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, கூம்பில் விரல் நுனியை லேசாக வையுங்கள். அதிர்வே இல்லையென்றால் முன்னாலேயே வடிகட்டப்படுகிறது. கூம்பு அசைந்தால் முழு ஒலியும் வருகிறது, கெபாசிட்டரை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். இந்தச் சோதனைக்குப் பேட்டரியை மறுபடி இணைக்க வேண்டும். அதற்கு முன் கழற்றிய உணரிகளின் கனெக்டர்களைத் திரும்ப மாட்டுங்கள், இல்லையென்றால் எச்சரிக்கை விளக்கு எரிந்து நிற்கும்.

மூன்றாவது இடம். ஸ்க்ரூ துளைகளுக்கு இடையிலான தூரம், ஸ்பீக்கர் உட்காரும் தளத்திலிருந்து கீழே இருக்கும் ஆழம், மேலே கிரில் வரையிலான உயரம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். கீழே ஏசிக் குழாய் ஓடும் வண்டிகளில் ஆழம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருக்கும், புது ஸ்பீக்கர்களின் காந்தமோ பெரியது. மேலே உள்ள உயரத்தை அளக்க ஒரு உருண்டை களிமண்ணை ஸ்பீக்கர் சட்டத்தின் நடுவில் வைத்துக் கிரில்லை அழுத்தி மாட்டி எடுங்கள். நசுங்கிய களிமண்ணின் உயரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் இடம். கூம்போடு ட்வீட்டரும் சேர்ந்து வரும் கோ-ஆக்ஸியல் ஸ்பீக்கரின் நடுவே துருத்தி நிற்கும் ட்வீட்டர் இதற்குள் அடங்க வேண்டும்.

எதை வாங்குவது

ஓம் விஷயத்தில் பழையதையே பின்பற்றுங்கள். பழையது 4 ஓம் என்றால் 2 ஓம் வாங்காதீர்கள். கூடுதல் சத்தம் வரும் என்று யார் ஆசை காட்டினாலும் சரி, ஸ்டீரியோவின் ஆயுளோடு விளையாடுகிற காரியம் அது. பழையது 2 ஓமாக இருந்து 4 ஓம் போட்டால் எதுவும் கெடாது, ஆனால் ஸ்பீக்கருக்குப் போகும் பவர் ஏறக்குறையப் பாதியாகும், அதாவது 3 டெசிபல் குறையும். கதவு ஸ்பீக்கரோடு ஒப்பிட டாஷ்போர்டு அமுங்கிப்போகும்.

பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ஸ்பீக்கர் தாங்கக்கூடிய பவர், தரக்கூடிய சத்தம் அல்ல. ஸ்டீரியோவில் "50 வாட் × 4" என்று எழுதியிருந்தாலும் அது உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் அளவு பெரும்பாலும் சேனலுக்கு 15 முதல் 20 வாட்தான். ஆகவே பார்க்க வேண்டிய எண் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுத்த பவரை எவ்வளவு சத்தமாக மாற்றுகிறது என்பது. தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாதவர்கள் 90 டெசிபல் அல்லது அதற்கு மேல் இருப்பதாகப் பாருங்கள். இதிலும் ஒரு தந்திரம் உண்டு. சிலர் 1 வாட்டில் அளந்து போடுவார்கள், சிலர் 2.83 வோல்ட்டில் அளந்து போடுவார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 2 வாட். அந்த முறையில் அளந்த எண்ணில் 3 டெசிபல் சும்மா கூடியிருக்கும். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒரே முறையில் அளந்தவையா என்று பாருங்கள்.

அடுத்து ட்வீட்டரின் பொருள். டாஷ்போர்டு ஸ்பீக்கர் மேல்நோக்கிப் பாடுகிறது, ஒலி முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பி நம்மை அடைகிறது. கண்ணாடி உயர் அதிர்வெண்களைக் கொஞ்சமும் உறிஞ்சாமல் அப்படியே திருப்பி எறியும். கடையின் காட்சிப் பலகையில் பளிச்சென்று கேட்ட உலோக டோம் ட்வீட்டர், வண்டிக்குள் வந்ததும் ஒவ்வொரு "ஸ", "ஷ"விலும் காதைக் குத்துவதற்குக் காரணம் இது. என் வாக்கு பட்டுத்துணி டோமுக்குத்தான். ட்வீட்டரே இல்லாத ஒற்றைக் கூம்பு வகை, அதாவது வைட்பேண்ட் எனப்படும் ஸ்பீக்கர்களும் இந்த இடத்துக்கு நன்றாகப் பொருந்துகின்றன. உயர் ஒலியில் சற்று அடக்கமாக இருந்தாலும், குரலில் ஒரு சீர் இருக்கும். துருத்தலும் இல்லாததால் கிரில்லில் இடிக்காது.

பழையது வெறும் ட்வீட்டராக இருந்தால் அங்கே 3.5 அங்குலத்தைத் திணிக்கப் பார்க்காதீர்கள். அதன் கெபாசிட்டர் 4.7 மைக்ரோஃபாரட் போலச் சிறிதாக இருக்கும், எல்லை 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல். அங்கே ட்வீட்டருக்குப் பதில் ட்வீட்டர்தான்.

ஸ்பீக்கரோடு சேர்த்து வாங்க வேண்டியவை: உங்கள் வண்டி மாடலுக்கான பிளக் அடாப்டர் வயர் ஒரு ஜோடி, துளைகள் பொருந்தாவிட்டால் அடாப்டர் சட்டம், தேவைப்பட்டால் முனை பேதம் இல்லாத நான்-போலார் கெபாசிட்டர் ஒரு ஜோடி, 50 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்குவதாக. 4 ஓமில் 3.5 அங்குலத்துக்கு 100 மைக்ரோஃபாரடிலிருந்து தொடங்குவது நல்லது. தயாராக வயர் இணைத்து "பேஸ் பிளாக்கர்" என்ற பெயரிலும் கிடைக்கும். தனி ஆம்ப்ளிஃபயர் போட்டு அதிலேயே தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் ஹை-பாஸ் வடிகட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கெபாசிட்டர் வேண்டாம்.

வயர் இணைப்பு

வண்டியின் வயரை வெட்டாதீர்கள். அடாப்டர் வயர் ஒரு பக்கம் வண்டியின் பிளக்கில் ஏறும், மறுபக்கம் ஸ்பீக்கர் முனைகளில் ஏறும். வண்டியை விற்கும்போது பழைய ஸ்பீக்கரை ஐந்து நிமிடத்தில் திருப்பிப் போட்டுவிடலாம். ஆகையால் பழையதைக் கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். பழையதிலிருந்து கெபாசிட்டரைப் பிய்த்து எடுத்துப் புதியதில் வைப்பவர்களும் உண்டு. வேலை செய்யும்தான், ஆனால் புதியது ஒன்றும் பெரிய செலவில்லை.

கெபாசிட்டர் பாசிட்டிவ் வயரில், தொடர் இணைப்பில் வர வேண்டும். நான்-போலார் என்பதால் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒன்றே. இணைப்பை சால்டர் செய்யுங்கள், அல்லது நல்ல கிரிம்ப் போட்டு அதன்மேல் ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றுங்கள். வயரை முறுக்கிக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றுவது இந்த இடத்துக்கு ஆகாது. வெயிலில் நிற்கும் வண்டியின் டாஷ்போர்டு மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டேப்பின் பசை உருகி வழிந்து, சில மாதங்களில் சுற்று அவிழ்ந்துவிடும்.

அவிழ்ந்த வயர் உலோகத்தில் பட்டால் ஒலி நிற்பதோடு போகாது. இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயர் என்பது வண்டியின் எர்த் கிடையாது. இரண்டு வயரிலுமே ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு இருக்கிறது. எதில் ஒன்று பாடியில் பட்டாலும் ஸ்டீரியோவின் ஆம்ப்ளிஃபயர் சிப் பாதுகாப்பு நிலைக்குப் போய் ஒலியை நிறுத்தும், அல்லது எரிந்துபோகும். அதே காரணத்தால், இரண்டு ஸ்பீக்கர்களின் நெகட்டிவ்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே வயரில் விடும் பழைய வித்தையையும் மறந்துவிடுங்கள்.

பாசிட்டிவ், நெகட்டிவ் மாறக்கூடாது. கடையில் வாங்கும் ஸ்பீக்கர்களில் அகலமான முனை பொதுவாகப் பாசிட்டிவ். கூட்டல் குறியும் இருக்கும். வண்டி வயரின் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நிறத்தை வைத்து ஊகிக்காமல் பழைய ஸ்பீக்கரின் முனையில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லையென்றால், 1.5 வோல்ட் செல் ஒன்றை எடுத்து, கெபாசிட்டரைத் தாண்டிய முனைகளில் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். கூம்பு வெளியே எழும்பினால் செல்லின் பாசிட்டிவ் தொட்ட முனைதான் பாசிட்டிவ். தனி ட்வீட்டரில் இதைச் செய்ய வேண்டாம், அதன் காயில் மெல்லியது.

பொருத்துவதும் சோதிப்பதும்

ஸ்பீக்கருக்கும் சட்டத்துக்கும் நடுவில் மெல்லிய நுரைப் பட்டையை வளையமாக ஒட்டுங்கள். பின்பக்க ஒலி முன்னால் கசிவதையும், பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசுவதையும் அது தடுக்கும். தொங்கும் வயரையும் பிளக்கையும் துணி டேப்பால் சுற்றிவிடுங்கள். டாஷ்போர்டுக்குள் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பிளக் போடும் சத்தத்தைத் தேடுவது பெரிய ரோதனை. ஸ்க்ரூவை இறுக்கும்போது கை நிதானம் வேண்டும், கீழே இருப்பது பிளாஸ்டிக் மரை. ஒரு தடவை அறுந்தால் போச்சு.

கிரில்லை மூடுவதற்கு முன் கழற்றிய கனெக்டர்கள் எல்லாம் மாட்டியாயிற்றா என்று பார்த்துவிட்டுப் பேட்டரியை இணைத்து, குறைந்த சத்தத்தில் ஓட்டிப் பாருங்கள். இடது, வலது தனித்தனியாக. பிறகு பேலன்ஸை நடுவில் வைத்து, ஒரே ஒருவர் பேசும் பதிவு ஒன்றைக் கேளுங்கள். குரல் ஒரு இடத்தில் நிலையாக நிற்க வேண்டும். எங்கே இருக்கிறது என்றே சொல்ல முடியாமல் தலையைச் சுற்றிப் பரவிக் கேட்டால் ஒரு பக்கத்து முனைகள் மாறியிருக்கின்றன.

இரண்டு பக்கமும் சரியாக இருந்தும் குரல் மெலிந்து, உடம்பில்லாமல் கேட்டால் இன்னொரு பரிசோதனை செய்யலாம். இரண்டு டாஷ்போர்டு ஸ்பீக்கர்களின் முனைகளையும், ஒன்றை மட்டுமல்ல, இரண்டையும், மாற்றிப் போட்டுக் கேளுங்கள். கெபாசிட்டர் ஒலி அலையின் கட்டத்தை (ஃபேஸ்) சற்று நகர்த்துவதால், டாஷ்போர்டும் கதவும் சேர்ந்து ஒலிக்கும் இடைப்பட்ட அதிர்வெண்களில் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. எப்படி வைத்தால் குரல் நிறைவாக வருகிறதோ அதுவே சரியான இணைப்பு. காதுதான் இங்கே தீர்ப்பு சொல்ல வேண்டும்.

அப்புறம் ஸ்டீரியோவின் அமைப்புகள். பழைய ஸ்பீக்கரின் மந்தத்தை ஈடுகட்ட ட்ரெபிளை (உயர் ஒலியின் அளவை) ஏற்றி வைத்திருப்பீர்கள். அதைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள், குறைந்த சத்தத்தில் பேஸையும் ட்ரெபிளையும் தானாகக் கூட்டும் லவுட்னஸை அணையுங்கள். கண்ணாடியின் பிரதிபலிப்பால் இன்னும் கூசினால் ட்ரெபிளை ஒன்றிரண்டு படி இறக்கலாம். இறக்கியும் கூச்சம் போகாவிட்டால் டாஷ்போர்டு ஸ்பீக்கருக்குத் தொடராக 1 அல்லது 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்ப்பது நியாயமான வழி. 10 வாட் தாங்குவதாக வாங்குங்கள். அது சூடாகும் என்பதால் பிளாஸ்டிக்கை ஒட்டி வைக்காதீர்கள்.

ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் தனித்தனியாகத் தாமதப்படுத்தும் டைம் அலைன்மென்ட் வசதி ஸ்டீரியோவில் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். ஒலி 34 சென்டிமீட்டர் கடக்க ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் ஆகும். ஓட்டுநரின் காதிலிருந்து பக்கத்து ஸ்பீக்கர் 90 சென்டிமீட்டரிலும் எதிர்ப்பக்க ஸ்பீக்கர் 140 சென்டிமீட்டரிலும் இருந்தால், பக்கத்தில் இருப்பது சுமார் 1.5 மில்லிசெகண்ட் முந்திவிடுகிறது. குரல் அந்தப் பக்கமே ஒட்டிக்கொள்ளும். பக்கத்து ஸ்பீக்கரை அந்த அளவு தாமதப்படுத்தினால் குரல் நடுவுக்கு வரும். ஓட்டுபவருக்கு மட்டும்தான் இந்தச் சுகம். பக்கத்தில் உட்காருபவருக்கு முன்பைவிட மோசமாகும். யாருக்காக என்பது உங்கள் வீட்டு அரசியல்.

எதிர்பாராதவை

கிர்ரென்று ஒரு அதிர்வுச் சத்தம் வந்தால், 100இலிருந்து 500 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சோதனை ஒலியை ஓடவிட்டு, கிரில், தூண் உறை, கண்ணாடி ஓரம் என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அங்கே நுரைத் துண்டு. பெரும்பாலும் கிரில்லின் கிளிப்தான் குற்றவாளி.

நடுவில் மூன்றாவதாக ஒரு ஸ்பீக்கர் இருந்தால் அதைக் கடைசிவரை தொடாமல் இருப்பது நல்லது. சில வண்டிகளில் ஃபோன் அழைப்பும் வழிகாட்டிக் குரலும் எச்சரிக்கை மணியும் அதன் வழியாகத்தான் வருகின்றன. பாட்டுக்குக் குறுக்கே நிற்கிறது என்று அதைக் கழற்றிவிட்டால் சீட் பெல்ட் எச்சரிக்கையும் பார்க்கிங் உணரியின் பீப் ஒலியும் சேர்ந்து போய்விடலாம்.

புது டாஷ்போர்டு ஸ்பீக்கர் பாடுகிறது, ஆனால் அதே பக்கத்துக் கதவு ஸ்பீக்கர் செத்துப்போயிற்று என்றால் பதற வேண்டாம். சில வண்டிகளில் கதவுக்குப் போகும் ஒலி டாஷ்போர்டு ஸ்பீக்கரின் பிளக் வழியாகவே கடந்து போகிறது. அந்தப் பிளக்கில் இரண்டுக்குப் பதில் நான்கு வயர்கள் இருக்கும். இரண்டு வயர் அடாப்டரை அங்கே மாட்டினால் கதவுக்கான பாதை அறுந்துவிடும். வருவதையும் போவதையும் இணைக்கும் நான்கு வயர் அடாப்டரை மாற்றிப் போட்டால் கதவு ஸ்பீக்கர் திரும்பப் பாடும். கெபாசிட்டரை அடாப்டரிலிருந்து புது ஸ்பீக்கருக்குப் பிரிந்து போகும் வயரில் மட்டும் வையுங்கள். கதவுக்குப் போகும் வயரில் வைத்தால் இருக்கிற பேஸும் போய்விடும்.